எதிராளியின் ஏடு

அவலூர்பேட்டை, மேல்மலையனூர் பக்கத்துக் கிராமங்களில் செஞ்சிக் கோட்டையைப் பற்றிக் கேட்டால் முதலில் வந்து விழுகிற பெயர் தேசிங்கு ராஜன். வரலாறு அவனைப் பற்றிச் சொல்வது கொஞ்சம்தான். ஔரங்கசீப் காலத்தில் செஞ்சிக் கோட்டையின் அதிகாரியாக வந்த புந்தேல ராஜபுத்திரர் சொரூப்சிங்கின் மகன் தேஜ்சிங். தகப்பன் இறந்ததும் கோட்டை தனக்கே என்று நின்றான். ஆர்க்காட்டு நவாப் சாததுல்லா கான் கப்பம் கேட்டுப் படையோடு வர, 1714 அக்டோபர் 3ஆம் நாள் களத்தில் விழுந்தான். ஓராண்டுகூட ஆளாத இந்த இளைஞனைக் கதைப்பாடல் எங்கெங்கோ அழைத்துச் சென்றது. டில்லியில் எவராலும் ஏற முடியாத பாராசாரிக் குதிரையை அவன் அடக்குகிறான். தாலி கட்டிய பெண்ணின் முகத்தைப் பார்க்காமலே போருக்குப் போகிறான். தகப்பன் பெயரும் தேரணி சிங் என்று மாறிவிடுகிறது. செஞ்சியின் வரலாற்றை 1943இல் விரிவாக எழுதிய சி.எஸ். சீனிவாசாச்சாரி பாடலையும் ஆவணங்களையும் அருகருகே வைத்துப் பார்த்திருக்கிறார். ஆனாலும் எந்தப் பாடகர் எந்தக் காலத்தில் எதைச் சேர்த்தார் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஒவ்வொருவரும் தமக்கு முன் பாடியவர் மேலேயே பாடினார்கள். ‘முன்னவர் இப்படிச் சொன்னார், அது பிசகு’ என்று எந்தப் பாடகரும் நிறுத்திச் சொல்லவில்லை. கதையைப் பாட வந்தவருக்கு அதற்கு அவசியமும் இல்லை.

பேச்சு காலத்தில் வளர்வதற்கு இது ஒரு வழி. இன்னொரு வழியும் இதே மண்ணில் இருந்தது. அதில் பின்னால் வருகிறவர் முன்னால் பேசியவரை மறைக்க மாட்டார். அவருடைய சொல்லைத் தம் ஏட்டுக்குள் எழுதி வைத்துக்கொண்டுதான் அடிப்பார். வாதம், கண்டனம், மறுப்பு, கண்டன கண்டனம் என்று பெயர்கள் பல. நீண்ட நாள் நடக்கும் விவாதம் எந்த வடிவம் எடுக்கும் என்பதை, பேசுகிறவர்களின் குணத்தையும் கொள்கையையும் விட, மறுப்பவர் எதிராளியின் சொல்லை முழுதாக எடுத்து எழுதக் கடமைப்பட்டிருக்கிறாரா என்ற ஒன்றே பெரிதும் தீர்மானித்தது. அந்தக் கடமை இருந்தவரை விவாதம் மெல்ல நடந்தது, அடுக்கடுக்காக உயர்ந்தது, செத்துப்போன கட்சியையும் உயிரோடு வைத்திருந்தது. கடமை தளர்ந்ததும் வேகம் கூடியது. பேச்சு பொருளை விட்டு ஆளின் மேல் போயிற்று. இதைச் சோதித்துப் பார்க்க நடுநாட்டை விட நல்ல இடம் கிடைப்பது அரிது. திருவெண்ணெய்நல்லூர், திருத்துறையூர், சிதம்பரம், வடலூர், மஞ்சக்குப்பம் எல்லாமே பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்து ஊர்கள். செஞ்சியும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது.

செஞ்சிக்கு வருகிறவர்கள் ராஜகிரிக் கோட்டையில் ஏறிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஊருக்கு வடக்கே சிறுகடம்பூர் அருகில் திருநாதர்குன்று என்றொரு பாறை இருக்கிறது. 24 தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசையாக அதில் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்த செய்தியைச் சொல்லும் மிகப் பழைய கல்வெட்டும் அங்கே உண்டு. கிழக்கே மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் மடம் இன்றும் நடக்கிறது. தமிழில் முழு அளவில் கிடைக்கிற மிகப் பெரிய வாத நூலான நீலகேசி, இந்தச் சமூகத்தின் ஏட்டுக் கட்டுகளால் பிழைத்தது. பௌத்தர் நாதகுத்தனார் பாடிய குண்டலகேசிக்கு எழுந்த பதில் அது. குண்டலகேசி என்பவள், பாலி மரபின்படி, ஊர் ஊராகப் போய் மணல் மேட்டில் நாவல் கிளையை நட்டு ‘வாதிக்க வல்லார் வரலாம்’ என்று சவால் விட்டவள். முதலில் சமணத் துறவி, பிறகு பௌத்தம் சேர்ந்தவள். அவள் வாயால் பௌத்தர் சமணத்தைத் தாக்கினார்கள். சமணர் தரப்பு அதற்கு ஒரு பெண்ணையே பதிலாக நிறுத்தியது. பழையனூர்ப் பேயாக இருந்து முனிவர் ஒருவரால் மனம் திருந்திய நீலகேசி, குண்டலகேசியை வென்றதும் நிற்கவில்லை. உனக்குக் கற்பித்தவர் யார் என்று கேட்டு அருக்கச்சந்திரனிடம் போகிறாள். அவனுக்கு மேலே மொக்கலன். அவனுக்கும் மேலே புத்தரே. அதன்பின் ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதியர், பூதவாதி. 10 சருக்கம், 894 பாடல். ஒரு பதிலிலிருந்து அதற்கு மூலமான பேச்சுக்கு ஏறி, அதன் வேருக்கும் போய், பிறகு பக்கவாட்டில் கிளை பிரிகிற வரைபடம் போலவே நூல் அமைந்திருக்கிறது.

தாக்கப்பட்ட குண்டலகேசி தொலைந்துபோயிற்று. தனிப் பாடல்களாகக் கையில் இருப்பவை 19 மட்டுமே. அந்தக் காப்பியம் என்னென்ன வாதங்களை அடுக்கியது என்று ஓரளவு தெரிகிறதென்றால், அதற்குக் காரணம் நீலகேசியும் அதற்குச் சமயதிவாகர வாமன முனிவர் எழுதிய உரையும். எதிராளியின் பாட்டை எடுத்துக் காட்டாமல் மறுப்பது அவர்களுக்கு ஒழுங்காகப் படவில்லை. அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் நீலகேசியை உரையோடு பதிப்பித்தபோது, சமண நூல் ஒன்று அச்சேறியதோடு பௌத்தக் காப்பியம் ஒன்றின் நிழலும் அச்சேறியது. இங்கே ஒரு தடை நியாயமாக எழும். மறுக்க வந்தவன் எடுத்து எழுதும் பூர்வபட்சம் எதிராளியின் உண்மையான பேச்சா? தனக்கு வெட்ட வசதியாக வளைத்து நிறுத்திய வைக்கோல் பொம்மையாகவும் இருக்கலாமே. இருக்கலாம்தான், பல இடத்தில் அப்படித்தான் இருக்கிறது. நீலகேசியில் புத்தரே வாதத்தில் தோற்று வாயடைத்துப் போகிறார், இதை எந்தப் பௌத்தரும் ஒப்பியிருக்க மாட்டார். ஆனால் வளைத்து எழுதுவதற்கும் எழுதாமலே விடுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. வளைத்து எழுதியதை அடுத்த வாசகன் நிமிர்த்திப் பார்க்கலாம். எழுதப்படாததை ஒன்றும் செய்வதற்கில்லை. எதிராளியின் சொல்லைச் சேர்த்தாக வேண்டும் என்ற விதி நேர்மைக்கு உத்தரவாதம் தரவில்லை, சாட்சியத்துக்குத் தந்தது.

சைவர்கள் இந்த விதியை ஒரு கலையாகவே ஆக்கினார்கள். திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டாரின் சிவஞானபோதம் 12 சூத்திரங்கள் கொண்ட சின்ன நூல். அதிலிருந்து கிளம்பியதுதான் ஒரு பெரும் சாத்திர மரபு. மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாசாரியார் முதலில் மாணவராக வரவில்லை, கேள்வியோடு வந்த எதிராளியாகவே வந்தார் என்று மரபு சொல்கிறது. திருத்துறையூர்க்காரரான அவர் எழுதிய சிவஞான சித்தியாரின் முதற்பாதி முழுவதும் பரபக்கம். உலகாயதன் தொடங்கிப் பாஞ்சராத்திரி முடிய 14 கட்சிகள் அதில் தம் தம் கொள்கையைச் சொல்ல, பிறகு ஒவ்வொன்றும் மறுக்கப்படுகிறது. 13ஆம் நூற்றாண்டு நடுநாட்டில் தெருவில் இறங்கினால் சௌத்திராந்திக பௌத்தரோ யோகாசாரரோ எதிர்ப்பட்டிருப்பது சந்தேகமே. ஆனாலும் நால்வகைப் பௌத்தரும் அழைக்கப்பட்டுப் பேச வைக்கப்படுகிறார்கள். ஒருமுறை சபைக்கு வந்த கட்சியை, அதன் ஆட்கள் ஊரை விட்டுப் போனாலும், விவாதம் விடுவதாயில்லை. உமாபதி சிவாசாரியார் இன்னொரு படி போனார். சக ஆண்டு 1235, அதாவது கி.பி. 1313 என்று தன் காலத்தைத் தானே சொல்லும் சங்கற்ப நிராகரணத்தில் மாயாவாதி தன் கொள்கையைச் சொல்கிறான்; அதை மறுக்க ஆசிரியர் வருவதில்லை, ஐக்கியவாதி வருகிறான். அவன் தன் கொள்கையைச் சொல்ல, அடுத்தவன் வந்து அவனை மறுக்கிறான். சங்கிலியாகப் போகிற அந்த அமைப்பில் ஒவ்வொரு மறுப்பும் அடுத்த மறுப்புக்கு இலக்காகிறது. நேற்றைய நியாயவாதி இன்றைய குற்றவாளி. சித்தாந்தம் தன் இடத்தை வந்து சேர்வதற்குள் வாசகன் ஒன்பது பேர் வாதத்தையும் வரிசையாகக் கேட்டிருப்பான்.

இப்படி எழுதி வைத்ததற்கு ஒரு பின்விளைவும் இருந்தது. உமாபதியின் வரிசையில் சிவசமவாதி என்று ஒருவன் வருகிறான். முத்தியில் உயிர் சிவனுக்குச் சமமாகிவிடும் என்பவன். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் ஆட்சியிலிருந்து தப்பி யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து தமிழகம் வந்தவர் ஞானப்பிரகாசர். சிதம்பரத்தில் அவர் பெயரில் குளமே இருக்கிறது. அவர் சித்தியாரின் பிற்பாதியான சுபக்கத்துக்கு ஓர் உரை எழுதினார். 18ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறை மாதவச் சிவஞான முனிவர் அந்த உரையைப் பிடித்துக்கொண்டு ‘சிவசமவாதவுரை மறுப்பு’ எழுதினார். 400 ஆண்டுக்கு முன் ஒரு நூலில் பாத்திரமாக வந்த பெயர், உயிரோடு இல்லாத ஓர் உரையாசிரியரின் நெற்றியில் ஒட்டப்பட்டது. நெடுங்கால விவாதங்கள் தம் எதிரிகளைத் தாமே வார்த்து வைத்துக்கொள்ளும். ஆள் பிறகு வந்து அதில் பொருந்த வேண்டியதுதான். சிவஞான முனிவரின் மற்ற நூல்களின் பெயர்களே மரபு எவ்வளவு அடுக்கேறியிருந்தது என்பதைக் காட்டும். சித்தாந்த மரபுக்கு வந்த கண்டனத்தைக் கண்டித்தது ‘சித்தாந்த மரபு கண்டன கண்டனம்’. சித்தியாரில் வரும் ‘எடுத்து’ என்ற ஒரே சொல்லுக்காக எழுந்தது ‘எடுத்தென்னுஞ் சொற்கிட்ட வைரக் குப்பாயம்’. நூலின் பொருளை விட்டு உரைக்கும், உரையை விட்டு மறுப்புக்கும், மறுப்பை விட்டு ஒற்றைச் சொல்லுக்கும் விவாதம் இறங்கிவிட்டது. இதைச் சீரழிவு என்று சொல்லிவிட எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு சொல்லைப் பற்றி ஒரு நூல் எழுத முடிகிற சபையில், அந்தச் சொல் எந்தச் செய்யுளில் எந்த இடத்தில் நிற்கிறது என்பது கேட்பவர் அனைவருக்கும் தெரிந்திருந்தது என்றுதான் பொருள்.

இந்தக் கடமைக்கு ஒழுக்கம் மட்டும் காரணமில்லை, பனையோலையும் காரணம். எதிராளியின் நூல் வாசகன் கையில் இருக்காது. ஏதோ ஒரு மடத்தில், ஏதோ ஒரு வீட்டுப் பரணில், ஒன்றிரண்டு பிரதிகள் இருக்கும். மறுப்பு எழுதுகிறவன் மறுக்கப்படுவதையும் எழுதாவிட்டால் அவன் யாரோடு சண்டை போடுகிறான் என்றே எவருக்கும் புரியாது. ஓலை வாரி, பதப்படுத்தி, எழுத்தாணியால் கீறி முடிக்கும் உழைப்பு அவசரத்தையும் தடுத்தது. கோபத்தில் கிளம்பிய வார்த்தை ஓலையில் ஏறுவதற்குள் பாதி ஆறிவிடும். பதில் வருவதற்குச் சில நேரம் ஒரு தலைமுறையே ஆகும். இலக்கண உலகில் இதற்கு நல்ல சான்று இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் திருவாரூர் வைத்தியநாத தேசிகர் இலக்கண விளக்கம் எழுதினார். அடுத்த நூற்றாண்டில் சிவஞான முனிவர் ‘இலக்கண விளக்கச் சூறாவளி’ என்று அதன் மேல் பாய்ந்தார். 1889இல் சி.வை. தாமோதரம் பிள்ளை இலக்கண விளக்கத்தைப் பதிப்பித்தபோது பழைய வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்தது. அவருடைய பதிப்புரைக்குச் சபாபதி நாவலர் மறுப்பு எழுதினார். நூலாசிரியரும் சூறாவளிக்காரரும் மண்ணாகி நெடுநாள் ஆன பிறகும் வாதம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. யூதர்களின் தால்முத்தும் இப்படியே: நடுவில் மூலம், சுற்றிலும் நூற்றாண்டு நூற்றாண்டாக வந்த உரைகளும் உரைகள் மீதான மறுப்புகளும். 1520களில் வெனிஸில் தானியேல் பொம்பெர்க் அச்சிட்டபோது அந்தப் பக்க அமைப்பு நிலைத்தது. அங்கே அச்சு பழைய முறையைக் காத்தது. தமிழகத்தில் அச்சு வேறு வேலை செய்தது.

1835இல் மெட்காப் கொண்டுவந்த சட்டத்துக்குப் பிறகு இந்தியர்கள் தாமே அச்சகம் வைத்து நூல் வெளியிடுவது எளிதாயிற்று. 1854இல் அரையணா அஞ்சல் வந்தது. ஒரு துண்டு நூலைச் சென்னையிலிருந்து சிதம்பரத்துக்கு அனுப்புவது காசு தாங்கும் காரியமாயிற்று. இந்த வசதியை முதலில் முழுதாகப் புரிந்துகொண்டவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். பாதிரியார் பீட்டர் பெர்சிவலோடு பைபிள் மொழிபெயர்ப்பில் உழைத்தவர். மிஷனரிகளின் துண்டுப் பிரசுரம் எப்படி ஊர் ஊராகப் போய் வேலை செய்கிறது என்று பக்கத்திலிருந்து பார்த்தவர். வண்ணார்பண்ணையில் 1849இல் சொந்த அச்சகம் வைத்தார். சிவஞான முனிவரின் கண்டன மரபை அவரைப் போல் மதித்தவர் அதிகம் இல்லை; முனிவரின் நூல்களையும் அச்சுக்குக் கொண்டுவந்தார். ஆகவே பழைய முறை தெரியாதவர் கையில் அச்சு அகப்பட்டு விவாதம் கெட்டது என்று சொல்ல முடியாது. பழைய முறையில் ஊறிய ஒருவர் கையிலேயே அது உருமாறியது.

உருமாற்றம் தெளிவாகத் தெரிவது அருட்பா வழக்கில். 1867இல் தொழுவூர் வேலாயுத முதலியார், இறுக்கம் இரத்தின முதலியார் முதலிய அன்பர்கள் வள்ளலார் இராமலிங்க அடிகளின் பாடல்களை ‘திருவருட்பா’ என்று அச்சிட்டார்கள். அவற்றைத் திருமுறைகளாகவும் வகுத்தார்கள். தேவாரம், திருவாசகம் முதலிய 12 திருமுறைகளுக்கே உரிய பெயர்களை உயிரோடு இருக்கிற மனிதர் ஒருவரின் பாட்டுக்கு இடலாமா என்பது நாவலரின் ஆட்சேபம். அடிகளோ தம்மைச் சுவாமி என்று குறிப்பிடுவதே ஆரவாரம் என்று நண்பருக்குக் கடிதம் எழுதியவர், பெயரிட்டவர்கள் சீடர்கள். ஆக, சண்டைக்கு வித்து பாடலில் இல்லை, பாடலின் அட்டையில் இருந்தது. இது அச்சுக் காலத்துக்கே உரிய தொடக்கம். ஓலைச் சுவடிக்கு முகப்பு அட்டை கிடையாது. ஓரிரு ஆண்டில் ‘போலியருட்பா மறுப்பு’ வந்தது, நாவலர் பெயரில் இல்லாமல் மாவண்டூர் தியாகேச முதலியார் பெயரில். எழுதிய கை யாருடையது என்பதில் அன்றே யாருக்கும் ஐயமில்லை. பதிலுக்கு அருட்பாக் கட்சியும் துண்டு நூல்களை இறக்கியது. இரண்டு தரப்பிலும் அச்சுக்கூடம் இருந்தது, படிக்க ஆட்கள் இருந்தார்கள். எதிராளியின் பாட்டு எல்லாருக்கும் கிடைக்கிற அச்சுப் புத்தகத்தில் இருந்ததால், அதை முழுதாக எடுத்து எழுத வேண்டிய தேவை போய்விட்டது. எடுத்தாலும் வாதத்தைச் சொல்லிவைக்க எடுக்கவில்லை; சிரிக்க வைக்கும் ஒரு வரி, முகம் சுளிக்க வைக்கும் ஒரு சொல் போதும் என்றாயிற்று. பாட்டு அருளால் வந்ததா என்ற கேள்வி, பாடியவர் எப்படிப்பட்டவர் என்ற கேள்வியாகச் சுருங்கியது.

பிறகு விவாதம் சிதம்பரத்து மேடையில் ஏறியது. மேடையிலிருந்து மஞ்சக்குப்பம் நீதிமன்றத்துக்குப் போனது. 1869இல் நாவலர் தொடுத்த வழக்கு அருட்பா அருளா மருளா என்பதைப் பற்றியது அன்று, சபையில் தம்மை இழிவாகப் பேசினார்கள் என்பதைப் பற்றியது. சிதம்பரம் கோயில் தீட்சிதர் ஒருவருக்கு அபராதம் விழுந்தது, இராமலிங்கர் விடுவிக்கப்பட்டார். திருமுறை என்ற பெயர் யாருக்கு உரியது என்று நீதிபதியிடம் யாரும் கேட்கவில்லை, கேட்டாலும் அவரால் சொல்ல முடிந்திருக்காது. ஆனால் ஊர்ப் பேச்சு அந்தத் தீர்ப்பைத் தன் போக்கில் எழுதிக்கொண்டது. அடிகள் நீதிமன்றத்துக்குள் வந்ததும் வழக்குத் தொடுத்த நாவலரே தம்மை மறந்து எழுந்து நின்றார், அதைப் பார்த்த நீதிபதி வழக்கைத் தள்ளினார் என்ற கதை வள்ளலார் அன்பர்களிடம் இன்றும் வழங்குகிறது. நாவலர் வழியினர் அதை ஏற்பதில்லை. இந்தக் கதையில் எதிர்த் தரப்பின் வாதம் ஒரு சொல்கூட இல்லை. யார் நின்றார், யார் உட்கார்ந்தார் என்பது மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அச்சையும் ஓலையையும் பற்றி இவ்வளவு பேசுவது காரணத்தை விட்டு நிழலைப் பிடிப்பது என்று ஒருவர் சொல்லலாம். உண்மையான சண்டை அதிகாரத்தைப் பற்றியது. மடங்களுக்கும் ஆகமத்துக்கும் கட்டுப்படாத ஒருவர் மக்களிடம் செல்வாக்குப் பெறுவதைப் பொறுக்காத சைவ வேளாள மேலாண்மையும், சாதி மதம் கூடாது என்ற குரலும் மோதிய மோதல் அது. ஊடகம் வெறும் வாகனம் என்பது அந்த வாதம். மோதலின் காரணம் இதுதான் என்பதை மறுக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் காரணம் வேறு, வடிவம் வேறு. அதே அளவு அதிகாரப் போட்டி, அதைவிடக் கொடிய பகை, சமணருக்கும் சைவருக்கும் இடையே இருந்தது. மதுரையில் சமணரைக் கழுவேற்றினார்கள் என்று பெருமையாகவே பாடிய மரபு சைவ மரபு. பழைய வாதிகள் பண்பாளர்கள், புதியவர்கள் வசைபாடிகள் என்ற படம் பொய். சிவஞான முனிவரின் நடையில் ஏளனத்துக்குக் குறைவே இல்லை. இருந்தும் அருணந்தி சமணன் என்ன சொல்கிறான் என்று எழுதிவிட்டுத்தான் மேலே போனார். காரணம் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிக்குமானால், 1885இல் நடந்திருக்க வேண்டியது வேறு. அதுவரை வெளியிடாமல் வைத்திருந்த ஆறாம் திருமுறை அந்த ஆண்டில்தான் அச்சானது. சமயங்களையும் சாத்திரங்களையும் சாதியையும் பிள்ளை விளையாட்டாகத் தள்ளும் அடிகளின் கடைசிக் காலப் பாடல்கள் அதில் இருக்கின்றன. மடத்துச் சைவத்துக்கு உண்மையான சவால் அதுவே, 1867 அட்டையில் இருந்த பெயர் அதற்கு முன் ஒன்றுமில்லை. ஆனால் விவாதத்துக்கு அருட்பா, மருட்பா என்று முதலில் விழுந்த பெயர் ஒட்டிக்கொண்டது. பின்னால் வந்த பெரிய விஷயமும் அந்தப் பழைய தலைப்பின் கீழேயே பேசப்பட்டது. முதல் பேச்சு எங்கே நங்கூரம் போட்டதோ அங்கேயே கப்பல் நின்றது.

அடிகள் 1874 ஜனவரி 30இல் வடலூரை அடுத்த மேட்டுக்குப்பத்து அறைக்குள் சென்று மறைந்தார். நாவலர் 1879இல் காலமானார். சண்டையின் இரு தலைகளும் போன பிறகு அடங்கியிருக்க வேண்டியது கால் நூற்றாண்டு கழித்துச் சென்னையில் வெடித்தது. யாழ்ப்பாணத்துப் புலோலியிலிருந்து வந்து வெஸ்லி பள்ளியில் தமிழாசிரியராக இருந்த நா. கதிரைவேற்பிள்ளை, நாவலர் கட்சியைத் தூக்கி நிறுத்தினார். 1904இல் வந்த அவருடைய நூலின் பெயரில் ‘ஆபாச தர்ப்பணம்’ என்பதும் ‘மருட்பா மறுப்பு’ என்பதும் இருந்தன. எதிரே நின்றவர்களில் பிற்காலத்தில் மறைமலையடிகள் ஆன வேதாசலம் பிள்ளை இருந்தார். கோட்டாற்று இடலாக்குடியைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலரும் இருந்தார். மேடை மேடையாகப் பேசினார்கள், மறுபடியும் நீதிமன்றம் ஏறினார்கள், வழக்குத் தள்ளுபடியாயிற்று. அச்சு விவாதத்தைக் கெடுத்தது என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாதபடி நம்மைத் தடுக்கிறவர் இந்தச் செய்குத்தம்பிப் பாவலர். ஓலைக் காலத்தில் சித்தியார் பற்றிய வாதத்தில் பேச, தீட்சை வேண்டும், மடத்துத் தொடர்பு வேண்டும், ஏடு கிடைக்கிற குலம் வேண்டும். அந்தச் சபையில் ஓர் இஸ்லாமியப் புலவருக்கு இருக்கை கிடையாது. காலணா, அரையணாத் துண்டு நூல் அந்தக் கதவைத் திறந்தது. எதிராளியின் சொல்லை எடுத்து எழுத வேண்டும் என்ற கடமையை உடைத்த அதே மலிவுதான், இதுவரை வாய் திறக்க இடமில்லாதவர்களை உள்ளே விட்டது. இரண்டையும் சேர்த்தே கணக்கில் எழுத வேண்டும்; ஒன்றைக் கழித்துவிட்டு மற்றதைப் போற்றுவது சரியில்லை.

கதிரைவேற்பிள்ளையின் மாணவர் ஒருவர் ஆசிரியருக்காக அந்த வழக்கில் சாட்சி சொல்லப் போனார். அந்த அலைச்சலில் அவருடைய பள்ளிப் படிப்பே நின்றது. அவர் திரு.வி. கலியாணசுந்தரனார். 1929இல் அதே திரு.வி.க. ‘இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம்’ என்று வள்ளலாரைப் போற்றி ஒரு நூல் எழுதினார். கட்சி மாறினார் என்று இதைச் சொல்ல முடியாது. ஆசிரியர் மேல் அவருக்கிருந்த பக்தி கடைசிவரை குறையவில்லை. துண்டு நூல்களின் இரைச்சலில் வளர்ந்த பையன், இரைச்சல் ஓய்ந்தபின் எதிர்க் கட்சியின் மூலத்தை உட்கார்ந்து படித்தான் என்பதே நடந்தது. விவாதத்தின் போக்கில் தொலைந்த பூர்வபட்சத்தை அவர் தனியாளாகத் தேடிப் படிக்க வேண்டியிருந்தது. இரு தரப்புப் பிரசுரங்களும் ஒரே இடத்தில் வாசகனுக்குக் கிடைக்க இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. ப. சரவணன் அவற்றைத் தேடித் திரட்டி ‘கண்டனத் திரட்டு’ என்று தொகுத்த பின்தான் நாவலர் கட்சி எழுதியதும் வள்ளலார் கட்சி எழுதியதும் ஒரே நூலுக்குள் அடுத்தடுத்து வந்து நின்றன. உமாபதி சிவம் 1313இல் தாமே எழுதிச் சேர்த்த வரிசையை, இங்கே சண்டையெல்லாம் முடிந்தபின் ஒரு பதிப்பாசிரியர் பழைய நூலகங்களில் அலைந்து சேர்க்க வேண்டியிருந்தது.